ஏமாந்தது வெட்கமில்லை, மறைப்பதுதான் நட்டம்



இந்த மாதப் பாடத்தைக் கொஞ்சம் மனக் கஷ்டத்தோடுதான் எழுதுகிறோம். இது எங்கேயோ நடந்த கதை இல்லை. நமுனுகுல மலையடிவாரத்தில், நாங்கள் சேவை செய்கின்ற ஒரு தோட்டத்திலேயே நடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் "எழுதுங்க ஐயா, மத்தவங்களாவது தப்பிக்கட்டும்" என்று சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறோம். ஆட்களின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இங்கே வராது.

நடந்தது என்ன?

தீபாவளி முடிந்த கையோடு ஒருவர் லயத்துப் பக்கம் வந்தார். கையில் ஒரு பைல். பைலுக்குள்ளே வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளின் போட்டோக்கள். அவர் தானாக வரவில்லை. நம்முடைய ஆள் ஒருவருக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளிநாட்டில் ஹோட்டல் வேலை, துணி தைக்கும் வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், விசாவையும் டிக்கெட்டையும் கம்பனியே பார்க்கும், "பைல் காசு" மட்டும் முதலில் கட்டினால் போதும் என்றார்.

ஒரு வீட்டில் காதுத் தோடு அடகுக்குப் போனது. இன்னொரு வீட்டில் கறவை மாடு போனது. ஒரு தகப்பனார் தன்னுடைய சேமலாப நிதிக் காசை மகனுக்காக எடுத்துக் கொடுத்தார். முப்பது வருடத்துக்கு மேல் மலையில் முள்ளுக் குத்திச் சம்பாதித்த காசு அது.

முதலில் காசு கட்டியவர் கொழுந்தெடுக்கும் ஒரு தாய். மூன்று மாதம் "இந்தா விசா வருது, அந்தா வருது" என்றார்கள். பிறகு அந்தப் போன் வேலை செய்யவில்லை. ஒருநாள் பேரை விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பொலிஸுக்குப் போனார். இது காசு கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, நாங்கள் தலையிட முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முறைப்பாடு எழுதப்படவில்லை. வீட்டுக்கு வந்தவர் வாயைத் திறக்கவில்லை. மாமியார் திட்டுவார், லயத்தில் சிரிப்பார்கள் என்ற பயம்.

அவர் பேசாமல் இருந்த நாலு மாதத்துக்குள் அதே ஆள் வேறு போன் நம்பரோடு கீழ்க்கணக்குக்குப் போனார். அங்கே இன்னும் பத்துக் குடும்பம் காசு கட்டியது.

பின்னாளில் அந்தத் தாய் எங்களிடம் அழுதது காசுக்காக அல்ல. "நான் அன்னிக்கே வாயைத் தொறந்திருந்தா இந்தப் பத்து வீடும் தப்பியிருக்குமே ஐயா" என்றுதான் அழுதார்.

குற்றம் அவர் ஒருவர் மீது இல்லை. வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு பிள்ளை மடுவத்தில் எங்கள் காதிலும் விழுந்திருந்தது. எங்களுக்கு வேண்டாத வேலை என்று கேட்டும் கேளாதது போல் இருந்தோம். அதை ஒத்துக்கொண்டுதான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

விஷயம் எப்படி வெளியே வந்தது? டவுனில் அடகுக் கடைக்கு வட்டி கட்டப் போன இடத்தில் மேற்கணக்குத் தாயும் கீழ்க்கணக்குப் பெண் ஒருவரும் சந்தித்தார்கள். "என்னக்கா, நீங்களுமா?" என்று ஒருவர் கேட்க, இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். பிறகு சேர்ந்து எங்களிடம் வந்தார்கள்.

பொலிஸ் ஏன் அப்படிச் சொல்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. காசுப் பிரச்சினையில் இரண்டு வகை உண்டு.

ஒன்று கடன். ஒருவர் உண்மையாகவே திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கினார், பிறகு கஷ்டத்தில் தர முடியவில்லை. இது சிவில் விஷயம். இதில் பொலிஸ் ஆளைப் பிடிக்க முடியாது.

மற்றது மோசடி. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது. இல்லாத வேலையை இருக்கிறது என்று சொல்லிக் காசை வாங்கினார். இது குற்றம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 398ஆம் பிரிவு வஞ்சித்தல் என்றால் என்ன என்று சொல்கிறது. ஆளை வஞ்சித்துச் சொத்தைக் கொடுக்க வைத்தால் 403ஆம் பிரிவின் கீழ் 7 வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இதை விசாரிப்பது பொலிஸின் கடமை.

அப்படியானால் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று எப்படிக் காட்டுவது? மனசுக்குள் இருப்பதை யார் பார்க்க முடியும்? இங்கேதான் நாம் ஒன்று சேர்வதன் பலன் இருக்கிறது. ஒரு பெண் தனியாகப் போய் "காசு வாங்கினார், தரவில்லை" என்றால் அது கடன் மாதிரித் தெரியும். பதினொரு பேர் போய், ஒரே ஆள், ஒரே வாக்குறுதி, ஒரே பைல், ஒரே சாட்டு என்று சொன்னால் அது கடன் மாதிரித் தெரியாது. தற்செயலாகப் பதினொரு தரம் கஷ்டம் வராது. திட்டம் போட்டுச் செய்த வேலை என்று யாருக்கும் விளங்கும்.

ஆகவே ஊர் சேர்ந்து போவது தைரியத்துக்கு மட்டும் அல்ல. பதினொரு பேருடைய வாக்குமூலம் ஒருவருக்கொருவர் சாட்சியாகவும் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் கூட்டம் வைத்தோம். தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தார்கள், கோயில் கமிட்டி வந்தது, பாடசாலையிலிருந்து சிங்களம் நன்றாகத் தெரிந்த மாஸ்டர் ஒருவர் வந்தார். பாதிக்கப்பட்டவர்களில் முதலில் ஆறு பேர்தான் வந்தார்கள். அடுத்த கிழமைதான் பதினொரு பேரும் வந்தார்கள்.

அன்றைக்குச் சில இளைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்த ஆளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தவரை அடிக்க வேண்டும் என்றார்கள். பெரியவர் ஒருவர்தான் தடுத்தார். "அவன் வீட்டுத் தோடும் அடகிலதானே இருக்கு, முதல்ல அவனைப் பேச விடுங்க தம்பி" என்றார். விசாரித்துப் பார்த்தால் பதினொரு குடும்பத்தில் அவர் குடும்பமும் ஒன்று. ஏமாற்றியவரின் வீடு எங்கே, உண்மைப் பெயர் என்ன, எந்தக் கடையில் உட்கார்ந்து காசு எண்ணினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடித்திருந்தால் நம்முடைய முக்கியமான சாட்சியை நாமே விரட்டியிருப்போம்.

அன்று ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொருவர் கதையையும் எழுதினோம். நீங்களும் இப்படியே எழுதலாம்:

1. காசு கொடுத்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம்.
2. எந்தத் திகதி, எந்த இடம், எவ்வளவு காசு. திகதி ஞாபகம் இல்லையென்றால் "சம்பளத்துக்கு அடுத்த நாள்", "திருவிழாக் கொடி ஏறிய அன்று" என்று எழுதுங்கள். பிறகு கலண்டரைப் பார்த்துச் சரி செய்யலாம்.
3. கையில் கொடுத்தாரா, வங்கியில் போட்டாரா, போன் வழியாக அனுப்பினாரா?
4. கொடுக்கும்போது பக்கத்தில் இருந்தவர் யார்?
5. அவர் சொன்ன வாக்குறுதி என்ன? அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.
6. கையில் உள்ள அத்தாட்சி: வங்கிச் சிட்டை, அடகுச் சிட்டை, போட்டோ, வட்சப் செய்தி, குரல் பதிவு. போனில் உள்ளதை அழிக்க வேண்டாம். போனையும் விற்க வேண்டாம்.

அடகுச் சிட்டை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ரசீது இல்லாமல் காசு கொடுத்தவர்களுக்கு அதுதான் கை கொடுத்தது. 12ஆம் திகதி தோடு அடகில், 13ஆம் திகதி காசு அவர் கையில். அன்றைக்கு அந்த வீட்டில் அவ்வளவு காசு இருந்தது என்பதற்கு அந்தச் சிட்டை அத்தாட்சி.

நம் ஆட்களுக்குக் கடுதாசி என்றால் ஒரு பயம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒரு கடுதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டித் துண்டை மீட்காமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921ஆம் ஆண்டில்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அன்று கடுதாசி நம்மைக் கட்டி வைத்தது. இன்று நாமே எழுதி வைக்கும் கடுதாசி நம்மைக் காப்பாற்றும். பிரதி எடுத்து மூலத்தை வீட்டில் வையுங்கள், பிரதியை மட்டும் வெளியே கொடுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் நம் உரிமை

நம் நாட்டுக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக் கோவை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் 109ஆம் பிரிவில் குற்றம் பற்றிய தகவலை வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம் என்று இருக்கிறது. வாயால் சொன்னால் சொன்னவருடைய மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் நம்மையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். நமக்கு அதுவும் முடியாவிட்டால், காரணத்தைக் குறித்துக்கொண்டு அரச மொழி ஒன்றில் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே:

- விளங்காத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.
- முடிந்தால் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, இரண்டு பிரதியோடு கொண்டுபோங்கள்.
- முறைப்பாட்டு இலக்கம், திகதி, புத்தகம், பக்கம், எழுதிய உத்தியோகத்தரின் பெயர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், கேட்காமல் மட்டும் வர வேண்டாம்.
- பாதிக்கப்பட்ட எல்லோரும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுங்கள். "ஒருத்தர் சொன்னாப் போதும்" என்று விட வேண்டாம்.

எங்கள் ஆட்களும் இப்படித்தான் போனார்கள். பதினொரு பேர், இரண்டு தலைவர்கள், மாஸ்டர், ஒரு பைல். இந்தத் தடவை முறைப்பாடு எழுதப்பட்டது. அதற்காக அடுத்த நாளே ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆறு கிழமை ஒன்றும் அசையவில்லை.

பொலிஸ் அசையாவிட்டால் தட்ட வேண்டிய கதவுகள்

ஒரு கதவு மூடியிருந்தால் வீடே மூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை. கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, மேலதிகாரி. நிலையப் பொறுப்பதிகாரிக்கு மேலே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் இருக்கிறார், அவருக்கு மேலேயும் அதிகாரிகள் இருக்கிறார்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தபால் ரசீதை பைலில் வையுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டு வேலை விஷயம் என்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். இங்கே "கடனா, மோசடியா" என்ற வாதமே தேவையில்லை. அனுமதிப்பத்திரம் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. 1989 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இந்த விஷயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

மூன்றாவது, தேசிய பொலிஸ் ஆணைக்குழு. பொலிஸார் கடமையைச் செய்யவில்லை என்ற பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்பதும் அதன் வேலை.

நாலாவது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. தோட்டத்து ஆள், தமிழ் பேசுகிற ஆள் என்பதற்காக முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் அங்கே தமிழில் கடிதம் எழுதலாம். காசு கட்டத் தேவையில்லை. போன் இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. ஆகவே "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப் போட வேண்டாம்.

ஐந்தாவது, நீதவான் நீதிமன்றம். பொலிஸ் வழக்குப் போட்டால்தான் வழக்கு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மேலே சொன்ன 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே நீதவானிடம் நேரடியாக முறையிடலாம். எழுத்து மூலமான முறைப்பாடு என்றால் சட்டத்தரணி ஒருவர் அதைத் தயாரித்துக் கையொப்பமிட வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லையா? அதற்குத்தான் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவதற்காக 1978ஆம் ஆண்டில் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். பதுளையிலும் அதன் நிலையம் இருக்கிறது.

ஆறாவது, மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கிறது. தோட்டத்துச் சீட்டுக் காசு, கைமாற்றுக் கடன் போன்ற சின்னத் தகராறுகளுக்கு ஏற்ற இடம். சட்டத்தரணி தேவையில்லை. சமாதானம் ஆகாவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஊர் ஊராக ஏமாற்றித் திரிகிற ஆளுக்கு இந்த இடம் போதாது.

இதற்கெல்லாம் பஸ் காசு வேண்டும். பதுளைக்குப் போய்வந்தால் ஒருநாள் பேர் போய்விடும். ஏழைக்கு நியாயம் கிடைக்காமல் போவதே இந்த இடத்தில்தான். எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பதினொரு வீடும் மாதம் ஒரு சின்னத் தொகை போட்டு வழிச்செலவுக் காசு சேர்த்தார்கள். முறை வைத்து இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். போனவரின் வீட்டுப் பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். போய்வந்த விபரத்தை அன்றிரவே கொப்பியில் எழுதினார்கள். எந்த அலுவலகத்துக்கு யார் போனாலும் கையில் ஒரே கொப்பி, வாயில் ஒரே பேச்சு.

படித்தவர்களும் ஏமாந்தார்கள்

"நாங்க படிக்காத ஜனம், அதனாலதான் ஏமாந்தோம்" என்று கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னார். அது சரியில்லை.

2008ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் கோல்டன் கீ என்ற கிரெடிட் கார்ட் கம்பனி விழுந்தது. செலிங்கோ என்ற பெரிய வர்த்தகக் குழுமத்தைச் சேர்ந்த கம்பனி. வங்கியை விடக் கூடிய வட்டி தருவதாகச் சொல்லி ஆட்களிடம் வைப்புக் காசு வாங்கியது. ஆனால் வைப்பு வாங்கும் நிதிக் கம்பனியாக மத்திய வங்கியில் அது பதிவாகியிருக்கவில்லை. ஏறக்குறைய 9,000 பேரின் 2,600 கோடி ரூபா அளவான காசு அதில் மாட்டிக்கொண்டது. காசு போட்டவர்களில் படித்தவர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள், வசதியுள்ளவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பெரிய பெயரை நம்பினார்கள். நம் ஆட்கள் தெரிந்த முகத்தை நம்பினார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். வைப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 2009ஆம் ஆண்டில் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வருடம் பெப்ரவரியில் கம்பனியின் தலைவர் லலித் கொத்தலாவல கைது செய்யப்பட்டார். நீதிமன்றத்தின் மேற்பார்வையில், பல வருடங்களாக, தவணை தவணையாகக் காசில் ஒரு பகுதி திரும்பி வந்தது. முழுக் காசும் வரவில்லை, சீக்கிரமும் வரவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே கம்பனி வாசலில் அழுதுகொண்டு நின்றிருந்தால் அதுவும் வந்திருக்காது. 2011ஆம் ஆண்டில் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் வைப்பு வாங்குவோர் மீதான பிடி அதில் இறுகியது.

கடலுக்கு அக்கரையில் தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. தொண்ணூறுகளில் நிதிக் கம்பனிகள் வரிசையாகக் கதவை மூடின, காசு போட்ட சனங்கள் தவித்தார்கள். 1997ஆம் ஆண்டில் அங்கே வைப்பாளர் நலன் காக்கும் சட்டம் வந்தது. கம்பனியின் சொத்தை அரசாங்கமே முடக்கி, தனி நீதிமன்றத்தின் மூலம் காசு போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இப்போது போன் வழியாகவும் இந்த வியாபாரம் வருகிறது. "காசு போடு, இரண்டு பேரைச் சேர், உனக்கும் பங்கு" என்பார்கள். இது பிரமிட் முறை. புதிதாகச் சேருகிறவரின் காசுதான் பழைய ஆளுக்குப் போகிறது. புது ஆள் வராத அன்று எல்லாம் விழும். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு இதைத் தடை செய்கிறது. 2023ஆம் ஆண்டில் ஒன்மெக்ஸ் டிடி, எம்டிஎப்ஈ போன்றவற்றை மத்திய வங்கி பெயர் சொல்லியே அறிவித்தது. கவனியுங்கள்: இதை நடத்துவது மட்டும் அல்ல, இதற்கு ஆள் சேர்ப்பதும் குற்றம். அக்கம் பக்கத்து வீட்டாரைச் சேர்த்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

செய்யக் கூடாதவை

- ஆளைப் பிடித்து அடிக்க வேண்டாம், கட்டி வைக்க வேண்டாம், வீட்டை உடைக்க வேண்டாம். அடித்த அன்றே நாம் குற்றவாளி, அவர் முறைப்பாட்டுக்காரர்.
- அவருடைய போட்டோவைக் "கள்ளன்" என்று போட்டுப் போனில் பரப்ப வேண்டாம். அத்தாட்சியை விசாரணை செய்பவரிடம் கொடுங்கள்.
- "முறைப்பாட்டை வாபஸ் வாங்கு, பாதிக் காசு தாறேன்" என்று ஒருவரை மட்டும் இரகசியமாகக் கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம். எங்கள் ஆட்களில் இரண்டு பேரை இப்படிக் கூப்பிட்டார்கள். அவர்கள் கூட்டத்தில் வந்து சொன்னது பெரிய காரியம். தருவதை நீதிமன்றத்தில் தரட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.
- வெற்றுக் கடுதாசியில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம்.
- "எனக்குப் பெரிய இடம் தெரியும், கொஞ்சம் செலவழிச்சா காசை எடுத்துத் தாறேன்" என்று ஒருவர் வருவார். கவனம்! அது இரண்டாவது மோசடி.

இன்றைய நிலைமை

முடிவு என்ன என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்ததில் அந்த ஆளுக்கு அனுமதிப்பத்திரமே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கடிதமும் மேலதிகாரிக்குப் போட்ட கடிதமும் பைலில் சேர்ந்த பிறகு விசாரணை அசைந்தது. ஆள் பிடிபட்டார். இப்போது பிணையில் இருக்கிறார், வழக்கு நடக்கிறது. ஒன்பது பேரின் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. காசில் கொஞ்சம்தான் வந்திருக்கிறது. கறவை மாடு வரவில்லை. சேமலாப நிதிக் காசைக் கொடுத்த அந்தத் தகப்பனார் இன்றைக்கும் கைக்காசுக்கு மற்றவர் வீட்டுத் தோட்டம் கொத்துகிறார். இதை மறைத்து "எல்லாம் நல்லபடி முடிந்தது" என்று எழுத எங்களுக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கு வேறொருவர் பைலோடு வந்திருக்கிறார். அங்கே உள்ள ஒரு பெண் நம் தாய்க்குப் போன் பண்ணிக் கேட்டார். "லைசன் நம்பரைக் கேளு தங்கச்சி, நம்பர் சொல்லாட்டி தண்ணிகூடக் குடுக்காத" என்றார் நம் தாய். நம்பர் கேட்டதும் வந்தவர் போய்விட்டார். அன்று வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தவர்தான் இன்று மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆளாக இருக்கிறார்.

நமுனுகுல என்ற பெயருக்கு ஒன்பது சிகரம் என்று பொருள் சொல்வார்கள். பனி மூடினால் ஒரு சிகரம்கூடத் தெரியாது. பனி விலகினால்தான் ஒன்பதும் ஒரே மலை என்று தெரியும். நம் வெட்கமும் அந்தப் பனி மாதிரித்தான். ஏமாந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். தலைவரிடம் சொல்லுங்கள், தலைவியிடம் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். இனிமேல் கேட்டும் கேளாதது போல் இருக்க மாட்டோம்.

மாதர் சங்கக் கூட்டத்திலும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலும் பேசிப் பார்க்க:

1. நம் தோட்டத்தில் கடந்த வருடத்தில் யாராவது காசு சேர்க்க வந்தார்களா? அவர்களிடம் என்ன கேட்டோம்?
2. கடனுக்கும் மோசடிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?
3. ஒருவர் ஏமாந்தால் லயத்தில் நாம் சிரிக்கிறோமா, உதவுகிறோமா?
4. வழிச்செலவுக் காசுக்கும் கொப்பிக்கும் பொறுப்பாக நம் தோட்டத்தில் யாரை வைக்கலாம்?